“கலியாணம் கட்டினால் சரியாகும்” என்பது ஒரு மருந்தா?

இதை எழுதலாமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டோம். “எழுதுங்கோ. ஆனா என்ர பேரும் வேண்டாம், டொக்டரின்ர பேரும் வேண்டாம், ஆஸ்பத்திரியின்ர பேரும் வேண்டாம்” என்றாள். ஆகவே இதில் பெயர்கள் இல்லை. பெயர் போட்டால் இது ஒரு டொக்டருக்கு எதிரான முறைப்பாடாக முடிந்துவிடும். நாங்கள் சொல்ல வந்தது அதைவிடக் கொஞ்சம் பெரிய விஷயம்.

நாங்கள் ஒரு வாடகை அறையில் இருக்கிற நாலு பெட்டையள். நாலு பேரும் கலைப்பீடம், மூன்றாம் வருடம். எங்களில் ஒருத்திக்கு மாதத்தில் இரண்டு நாள், சிலவேளை மூன்று நாள், கட்டிலை விட்டு எழும்ப ஏலாது. வயிற்றில் சுடுதண்ணிப் போத்தலை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். சத்தி எடுப்பாள். நோ இடுப்பிலிருந்து கால் வரைக்கும் இழுக்குது என்பாள். முதல் வருடத்தில் நாங்கள் பயந்துபோய் ஓட்டோ பிடிக்கவா என்று கேட்டோம். இரண்டாம் வருடத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. அவளுடைய நோவுக்கு நாங்களும் பழகிப்போனோம் என்பதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

போன செமஸ்டர் பரீட்சையில் ஒரு பேப்பரை ஒரு மணித்தியாலத்திலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்தப் பாடம் போய்விட்டது. ரிப்பீற் எடுத்தால் எவ்வளவுதான் நன்றாக எழுதினாலும் ‘சி’க்கு மேலே வராது, கிளாஸ் கனவும் அதோடு போகும். அன்றைக்கே மெடிக்கல் போட்டிருந்தால் அடுத்த தடவையை முதல் தடவையாகக் கணக்கெடுத்திருப்பார்கள். ஏன் போடவில்லை என்று கேட்டோம். “மெடிக்கல்ல என்ன வருத்தமெண்டு எழுதுறது? பீரியட்ஸ் எண்டோ?” என்றாள். எங்களிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் ஒரு நல்ல ஸ்பெஷலிஸ்ற்றை சனல் பண்ணுவோம் என்று முடிவெடுத்தோம்.

எங்கட நாட்டில் எந்த விசேட வைத்திய நிபுணரையும் யாரும் நேரடியாகப் போய்ச் சந்திக்கலாம். ஒரு குடும்ப வைத்தியர் பார்த்து, இன்னாரிடம் போ என்று கடிதம் தரவேண்டியதில்லை. வசதிதான். ஆனால் எந்த நோவுக்கு எந்த டொக்டர் என்று நோயாளியே ஊகிக்கவேண்டியிருக்கிறது. அவள் ஏ.எல். படிக்கும்போது அம்மா ஊரில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. ‘வயித்துக்குத்து’ என்று அம்மாதான் சொன்னா. அவர் காஸ்ரைற்றிஸ் என்று குளிசை கொடுத்தார். மாதத்தில் இன்ன நாளில்தான் இந்த வயித்துக்குத்து வருகிறது என்பதை அம்மாவும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, டொக்டரும் கேட்கவில்லை. இந்தத் தடவை பெண்நோயியல் நிபுணர், வீ.ஓ.ஜி., என்று நாங்கள் ஒருமாதிரித் தேடிப் பிடித்தோம்.

டொக்டருக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாம் சேர்த்து 3,000 ரூபாவுக்குக் கிட்ட. ஸ்கானுக்கு வேறு காசு. மஹாபொலயை நம்பி மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு அது சின்னக் காசில்லை. நாலு பேரும் போட்டுச் சேர்த்தோம். நம்பர் 38. பின்னேரம் ஐந்தரைக்கு வரச்சொன்னார்கள். டொக்டர் வரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது. அந்தக் கதிரைகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கர்ப்பிணித் தாய்மார். பக்கத்தில் கணவன்மார். சுவரெல்லாம் குழந்தைப் படங்கள். தாலியில்லாத மூன்று பெட்டையள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று எல்லாக் கண்ணும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் திரும்பியது. ஊர்க்காரர் யாராவது கண்டுவிடுவினமோ என்று அவள் முகக்கவசத்தைக் கடைசிவரைக்கும் கழற்றவில்லை.

காத்திருந்த நேரத்தில் அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாகத் திகதி போட்டு எழுதி வைத்திருந்தது. எந்த நாளில் நோ தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது, எத்தனை பனடோல் போட்டாள், மலசலகூடம் போகும்போது எந்த நாட்களில் குத்தியது, எந்த நாள் விரிவுரைக்குப் போகவில்லை. பரீட்சைக்குக் குறிப்பெடுப்பது போல அழகாக எழுதியிருந்தாள்.

நம்பர் 38ஐக் கூப்பிட்டார்கள். எங்களில் ஒருத்தி கூடப் போனாள்.

“என்ன பிள்ளை பிரச்சினை?”

“டொக்டர், பீரியட்ஸ் நேரம் சரியான நோ…”

“கலியாணம் கட்டிட்டீரோ?”

“இல்லை.”

“படிக்கிறீரோ? எந்த ஃபகல்ற்றி?”

“ஆர்ட்ஸ்.”

“ஏறிப் படும்.”

வயிற்றுக்கு மேலால் ஸ்கான். திரையைப் பார்த்தபடியே, “எல்லாம் நோர்மல். கட்டி ஒண்டும் இல்லை” என்றார். அவள் எழும்பி உடுப்பைச் சரிசெய்ய முதலே அவர் மருந்து எழுதத் தொடங்கிவிட்டார். “இந்த வயசில இது எல்லாருக்கும் இருக்கிறதுதான். கலியாணம் கட்டி ஒரு பிள்ளை கிடைச்சா எல்லாம் சரியாயிடும். மூண்டு மாசம் இதைப் போடும்.” மிஸ் கதவைத் திறந்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

நாலு நிமிடம் இருக்கும். தாள் கைப்பைக்குள்ளேயே இருந்தது.

அவர் ஏசவில்லை, கத்தவில்லை. பேசியது எங்கட மொழி, ஆகவே சிங்களம் தெரியாமல் தடுமாறினோம் என்று சொல்லவும் வழியில்லை. வெளியில் வந்து, “ஒண்டும் இல்லையாம்” என்று அவள் சொன்னபோது அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. ஏதாவது இருக்குது என்று சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும் போல. நோர்மல் என்றால், ஆறு மாதமாக அவள் எழுதி வைத்தது எல்லாம் என்ன?

பாமசியில் இன்னொரு கதை. நோக்குளிசை ஒன்று, இரும்புச்சத்து ஒன்று, மூன்றாவது 21 குளிசை உள்ள ஒரு அட்டை. பாமசிக்காரப் பெடியன் அவளை ஒருதரம், துண்டை ஒருதரம் பார்த்தான். “இது எப்பிடிப் போடுறதெண்டு தெரியும்தானே?” என்று குரலைக் குறைத்துக் கேட்டான். ரீவி விளம்பரத்தில் வருகிற குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டொக்டர் தன்னைப் பற்றி என்ன நினைத்துவிட்டார் என்பதுதான் அவளுடைய முதல் எண்ணம். வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது அம்மா பையைத் திறந்தால் என்ன ஆவது என்பது இரண்டாவது எண்ணம். அந்த அட்டை இரண்டு மாதம் எங்கட அறையில் மெத்தைக்குக் கீழே கிடந்தது. ஒரு குளிசைகூட அவள் போடவில்லை.

அதே அட்டையைப் பற்றி இரண்டு மாதம் கழித்துத்தான் வேறொருவர் எங்களுக்கு விளக்கினார். பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்து டொக்டர். தடிமனுக்கும் மெடிக்கலுக்கும் மட்டும்தான் அங்கே போவது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இன்னொரு பரீட்சை வரப்போகுது, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று போனோம். அவர் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். பிறகு அதன் பின்பக்கத்திலேயே கர்ப்பப்பையை வரைந்தார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறோம். கர்ப்பப்பையின் உட்பக்கத்தில் இருக்கிற படை போன்ற ஒரு திசு, சிலருக்குக் கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடல் பக்கத்திலோ வளரும். அதற்குப் பெயர் எண்டோமெற்றியோசிஸ். அது அந்த இடங்களில் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கும். மாதவிடாய் நேரத்தில் கடும் நோ, மலம் போகும்போது நோ, களைப்பு, சிலருக்குப் பிள்ளை தங்குவதில் சிரமம் என்று வரலாம். வயிற்று ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஸ்கான் நோர்மல் என்பதற்காக வருத்தம் இல்லை என்று சொல்ல ஏலாது. உறுதியாகச் சொல்வதற்கு சிலவேளை லப்ரஸ்கோப்பி செய்து, சின்னத் துளை வழியாகக் கமரா விட்டுப் பார்க்கவேண்டி வரும். “உமக்கு இதுதான் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா இந்தத் தாளைப் பார்த்தா, இதுவா எண்டு தேடிப் பார்க்கவேணும்” என்றார்.

குளிசை அட்டையைக் காட்டினோம். “இது நல்ல மருந்துதானே! ஓமோனைக் கட்டுப்படுத்தி நோவைக் குறைக்கும். குடும்பக்கட்டுப்பாடு இந்தக் குளிசையின்ர ஒரு வேலை மட்டும்தான்” என்றார். போட முதல் பிரஷரைப் பார்த்தார். கடும் ஒற்றைத் தலையிடி இருக்கா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைகிற வருத்தம் இருக்கா என்று கேட்டார். பத்து நிமிடம் போயிருக்கும்.

எங்கட கட்டுரையே இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த நிபுணர் எழுதிய மருந்து பிழையில்லை. அநேகமாக அவருக்கு மனதில் சந்தேகமும் இருந்திருக்கும். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இரண்டு வசனத்தால் அந்தச் சரியான மருந்து இரண்டு மாதம் மெத்தைக்குக் கீழே கிடந்தது. நோயாளிக்கு விளக்குவதை டொக்டர்மாரின் நல்ல குணம், அன்பு, பண்பு என்று நாங்கள் பேசுகிறோம். நேரம் இருந்தால் செய்யட்டும், இல்லாவிட்டால் பரவாயில்லை என்கிறோம். விளக்கமும் மருந்தோடு சேர்ந்ததுதான். அது இல்லாவிட்டால் மருந்து வாய்க்குள் போகாது.

டொக்டரின் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தோம். விடிய அரச வைத்தியசாலையில் வார்ட், கிளினிக், சத்திரசிகிச்சை. வேலை நேரத்துக்குப் பிறகு தனியாரில் நோயாளர் பார்க்க அரசாங்கமே அனுமதித்திருக்கிறது. 40 பேரை ஆளுக்கு நாலு நிமிடம் பார்த்தாலே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். 2022 நெருக்கடிக்குப் பிறகு பல விசேட வைத்திய நிபுணர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறவர்களின் தலையில்தான் அந்தப் பாரம். இது எல்லாம் உண்மை. ஆனால் நம்பர் 40 வரைக்கும் கொடுப்பது யார்? நேரம் இல்லை என்பது நாலு நிமிடத்துக்குக் காரணமாகலாம். “கலியாணம் கட்டினா சரியாகும்” என்ற வசனத்துக்கு அது காரணமாகாது. “இந்தக் குளிசை நோவுக்காகத்தான், பயப்பட வேண்டாம்” என்று சொல்லவும் அதே அளவு நேரம்தான் போகும்.

‘கலியாணம் கட்டிட்டீரோ’ என்ற கேள்விக்கும் ஒரு மருத்துவக் காரணம் இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம். உடலுறவு இருந்திருக்கிறதா என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். உள்ளால் ஸ்கான் செய்வதா, கர்ப்பமாக இருக்கச் சாத்தியம் இருக்கிறதா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. அப்படியென்றால் அதை நேராக, ஏன் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்கலாமே? கலியாணம் கட்டாத ஒருத்திக்கு உறவு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு அவள் “இல்லை” என்றுதான் சொல்லுவாள். அந்த ‘இல்லை’யை வைத்து டொக்டர் பிழையான முடிவுக்கு வரலாம். மரியாதைக்காகச் செய்கிற சுற்றிவளைப்பு கடைசியில் மருத்துவத்தையே பிழைக்க வைக்கும்.

இதை ஒரு டொக்டரின் வாய்ப்பழக்கம் என்று மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை. எங்கட நாட்டுச் சுகாதாரச் சேவையே பெண்ணைத் தாயாகத்தான் பார்க்கப் பழகியிருக்கிறது. அதில் பெருமைப்படவும் நிறைய இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்த கட்டமைப்பு இது. எங்கட அம்மாமார் பிள்ளைப்பேற்றில் சாகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஒருத்தி கலியாணம் கட்டினால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பதிவு செய்கிறா. கர்ப்பமானால் கொப்பி, கிளினிக், திரிபோஷா, தடுப்பூசி. 35 வயதானால் சுகவனிதையர் கிளினிக். சின்ன வயதில், 2017இலிருந்து, தரம் 6 பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள்.

தரம் 6க்கும் கலியாணத்துக்கும் நடுவில்? பத்துப் பதினைந்து வருடம். நோ தொடங்குவதும் கூடுவதும் அந்த வருடங்களில்தான். இளைஞருக்கென்று ‘யொவுன் பியச’ நிலையங்கள் சில அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. எங்கட அறையில் நாலு பேரில் ஒருத்திக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பிள்ளை பெறுகிறவளுக்குத் திறக்கிற கதவுகள் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன. நோவோடு மட்டும் வருகிறவளுக்கு, ‘பிள்ளை பெறுகிறவளாகிவிட்டு வா’ என்கிறார்கள். அந்த டொக்டர் சொன்னதும் இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மாதவிடாய் வருகிற வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு எண்டோமெற்றியோசிஸ் இருக்கிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேர். அதைக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் எடுக்கின்றன. முற்றாகக் குணமாக்க இதுவரை மருந்து இல்லை, நோவைக் கட்டுப்படுத்தலாம். பிள்ளை பெறுவது இதற்கு மருந்தல்ல. கர்ப்ப காலத்தில் சிலருக்கு நோ குறையலாம், பிறகு திரும்பி வரலாம். அதைவிட, பிள்ளை தங்குவதையே சிரமமாக்கக்கூடிய ஒரு வருத்தத்துக்குப் பிள்ளை பெறுவதை மருந்தாகச் சொல்வது எவ்வளவு கொடுமை! கலியாணம் கட்டி இரண்டு வருடம் பிள்ளை இல்லாவிட்டால், அப்போது ஊர் அவளைத்தான் கேட்கும்.

குற்றம் முழுவதையும் ஆஸ்பத்திரி மேல் போட்டுவிட்டு நாங்கள் கைகழுவவும் ஏலாது. பெரியபிள்ளையானால் மண்டபம் எடுத்து, வீடியோ எடுத்து, வெளிநாட்டுச் சொந்தக்காரரையும் கூப்பிட்டுச் சாமத்தியவீடு செய்கிறோம். ஒரு பிள்ளைக்கு முதல்முறை மாதவிடாய் வந்ததை ஊருக்கே அறிவிக்கிறோம். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு கதை இல்லை. எங்கட வீடுகளில் மாதவிடாயையே ‘சுகமில்லை’ என்றுதான் சொல்வது. ஒவ்வொரு மாதமும் சுகமில்லை என்றால், உண்மையாகவே சுகமில்லாமல் போகும்போது என்ன சொல்வது? “எங்களுக்கும் இருந்ததுதான், பொறுத்துக்கொள்ளு” என்று அம்மாமார் சொல்லுவினம். அவையளுக்கும் ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

டொக்டரைக் கேள்வி கேட்பதும் எங்களுக்குப் பழக்கமில்லை. அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கினம், வாயை மூடிக்கொண்டு வாங்கவேணும். தனியாரில் காசு கொடுத்துப் பார்க்கும்போதாவது கேட்கலாமே என்றால், அங்கேயும் அதே டொக்டர், அதே கைகட்டு. விரிவுரையாளரிடம் அதிகாரம், கட்டமைப்பு என்று கேள்வி கேட்டுப் பழகிய எங்களில் ஒருத்திதான் அன்றைக்கு அந்த அறைக்குள் கூட நின்றாள். “டொக்டர், இவ ஒரு தாள் எழுதி வைச்சிருக்கிறா” என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதனால் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது இது. எழுதி வைத்திருந்தால், கேட்கும் வரைக்கும் காத்திராமல் முதலிலேயே மேசையில் வைக்கவேணும். “இந்த நோவால என்ன செய்ய முடியாமல் இருக்கு” என்பதைச் சொல்லவேணும். பரீட்சை எழுத முடியவில்லை என்பது நோவின் அளவைச் சொல்லும். கதவு திறக்க முதல் மூன்று கேள்வி: எனக்கு என்னவாக இருக்கலாம்? இந்த மருந்து எதற்கு? இது சரிவராவிட்டால் அடுத்தது என்ன? துண்டையும் ஸ்கான் ரிப்போட்டையும் பத்திரமாக வைத்திருக்கவேணும். கூட ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகவேணும், கூடப் போகிறவள் வாயைத் திறக்கவேணும்.

டொக்டர்மாரிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருதரம் நிமிர்ந்து பாருங்கோ. என்ன மருந்து, எதற்கு என்று இரண்டு வசனம் சொல்லுங்கோ. தெரியவில்லை என்றால், “தேடிப் பார்க்கவேணும்” என்று சொல்லுங்கோ; அது உங்களுக்கு மரியாதைக் குறைவில்லை. கலியாணத்தை மருந்தாக எழுதாதையுங்கோ.

சுகாதார நிலையத்து டொக்டர் கொடுத்த கடிதத்தோடு அவள் இப்போது அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறாள். கொப்பி போட்டாயிற்று. லப்ரஸ்கோப்பிக்குத் திகதிக்காகக் காத்திருக்கிறாள்; லிஸ்ற் நீளம். என்ன வருத்தம் என்று இன்னும் உறுதியாகத் தெரியாது. குளிசையைப் போடுகிறாள். போன மாதம் ஒரு நாள் மட்டும்தான் படுத்திருந்தாள். அம்மாவிடம் அந்த அட்டையைக் காட்டி, டொக்டர் வரைந்த படத்தையும் காட்டி, தானே விளக்கினாளாம். அம்மா கன நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்கும் இப்பிடித்தான் இருந்தது” என்றாவாம்.